இறுக்கம் இருப்பது முந்தின வரிசையில்

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். கனடாவில் இருக்கிறீர்கள், அப்பாவுக்காக ஆறு கண்ணி கேபிள் வைத்த ஸ்வெட்டர் ஒன்றை 4 எம்.எம். ஊசியில் பின்னுகிறீர்கள். (கண்ணி என்பது ஊசியில் ஏறும் நூல் வளையம்; கேபிள் என்பது கண்ணிகளை ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றிப் போட்டு, முறுக்கிய கயிறுபோல் எடுக்கும் டிசைன்.) சாதாரண வரிசைகளில் கை நன்றாக ஓடுகிறது. கண்ணிகளை மாற்றிப் போடும் வரிசை வந்ததும் ஊசி உள்ளே நுழைய மாட்டேன் என்கிறது, கட்டைவிரல் வலிக்கிறது. அதே கேபிளின் இடது ஓரத்திலோ ஒரே ஒரு கண்ணி தொளதொளவென்று தொங்குகிறது. கேட்டவர்கள் எல்லாரும் "கையைத் தளர்த்திப் பின்னு" என்கிறார்கள். தளர்த்தினால் நடுவில் இறுக்கம் போகவில்லை, ஓரம் மட்டும் இன்னும் அசிங்கமாகிறது. கூடவே, ஐரிஷ் மீனவர்களின் ஸ்வெட்டரைத் தண்ணீர் புகாதபடி இறுக்கித்தான் பின்னினார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்ததால், இறுக்கம் தவறே இல்லையோ என்றும் ஒரு சந்தேகம். இதையெல்லாம் படித்தபோது எனக்குத் தோன்றியது: கையை எவ்வளவு தளர்த்துவது என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள், எந்த இடத்தில் தளர்த்துவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான் குன்னூரில் இருக்கிறேன். பள்ளியில் கைவேலை டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நூலை வலது கையில் பிடித்து ஊசியைச் சுற்றிப் போடும் முறைதான் எனக்குப் பழக்கம். இடது கையில் நூலைப் பிடித்துக் கொக்கிபோல் இழுத்தெடுக்கும் முறையில் நான் முழு ஸ்வெட்டர் பின்னியதில்லை. அதனால் விரல் பிடிப்பைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அந்த முறைக்காரர்கள் கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று. ஆங்கிலப் பின்னல் புத்தகங்களில் 'டென்ஷன்' என்ற ஒரே சொல் இரண்டு பொருளில் வரும். 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி என்பது ஒன்று, விரலிடையில் நூல் எவ்வளவு இழுபடுகிறது என்பது இன்னொன்று. நம் ஊரில் அதற்கு மூன்றாவது பொருளும் உண்டு, உங்கள் கட்டைவிரல் வலி பாதி அந்த மூன்றாவதிலிருந்து வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம். நீங்கள் கேட்பது விரலிடை இழுப்பைப் பற்றி. அதையே பேசுவோம்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். கேபிள் போடும் வரிசையில் நீங்கள் தூக்கி மாற்றுகிற கண்ணிகள் அந்த வரிசையில் பிறந்தவை அல்ல. அவை முந்தின வரிசையில், பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பர்ல் (நூலை ஊசிக்கு முன்னால் வைத்துப் போடும் கண்ணி) போட்டபோது உருவானவை. இடது ஊசியில் உட்கார்ந்திருக்கும் ஆறு வளையங்களைப் பாருங்கள்: ஒவ்வொன்றிலும் எவ்வளவு நூல் இருக்கிறது என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. இப்போது முதல் மூன்றைக் கேபிள் ஊசியில் (கண்ணிகளைக் கொஞ்ச நேரம் ஏந்தி நிற்கும் குட்டி ஊசி) வாங்கி முன்னால் விட்டுவிட்டு, அடுத்த மூன்றை நிட் (நூலைப் பின்னால் வைத்துப் போடும் சாதாக் கண்ணி) போடப் போகிறீர்கள். இந்த நேரத்தில் கையை எவ்வளவு தளர்த்தினாலும், புதிதாகப் பிறக்கும் கண்ணி பெரிதாகுமே தவிர, குறுக்கே போக வேண்டிய பழைய கண்ணி ஒரு இம்மிகூட நீளாது. சமையல் முடிந்து பரிமாறும்போது அடுப்பைக் குறைப்பதுபோலத்தான். உங்களுக்குக் கிடைத்த ஆலோசனை பலிக்காததற்கு இதுதான் காரணம்.

எவ்வளவு நீளம் தேவைப்படுகிறது என்று கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். 4 எம்.எம். ஊசியில் டி.கே. எனப்படும் நடுத்தரக் கனத்து நூலுக்கு வழக்கமான அளவு 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 28 வரிசை. அதாவது ஒரு கண்ணியின் அகலம் 4.5 மி.மீ., உயரம் 3.6 மி.மீ. மூன்று கண்ணிகளைத் தாண்டிப் போவதென்றால் கிட்டத்தட்ட 14 மி.மீ. பக்கவாட்டில் நகர வேண்டும், ஏறுவதோ 3.6 மி.மீ.தான். இந்தத் தூரத்துக்கான நூல் எங்கிருந்து வரும்? கொஞ்சம் அந்த வளையத்திலிருந்து, கொஞ்சம் கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே ஓடும் இணைப்பு நூலிலிருந்து, கொஞ்சம் அக்கம்பக்கத்துக் கண்ணிகளிடமிருந்து. அதற்கும் மேல் தேவைப்பட்டால் துணியே சுருங்கி இடம் கொடுக்கும். இந்த நாலும் இறுக்கமாக இருந்தால் பாரம் முழுவதும் உங்கள் கட்டைவிரலில் வந்து விழுகிறது.

ஆகவே தளர்த்த வேண்டியது கேபிள் வரிசைக்கு முந்தின பர்ல் வரிசையில், அதுவும் அந்த ஆறு கண்ணிகளில் மட்டும். செய்முறை சின்னதுதான். ஆறில் ஒவ்வொன்றையும் ஊசியின் கூர்முனையில் உருவாக்காதீர்கள். முனை மெலிந்து போகிற இடம், அங்கே பிறந்த கண்ணி 4 எம்.எம். அளவுக்கு இருக்காது. ஊசியின் முழுப் பருமன் இருக்கும் தண்டுப் பகுதி வரை வலது ஊசியை உள்ளே விட்டு, நூலைச் சுற்றி, கண்ணியை வெளியே எடுங்கள். எடுத்த பிறகு நூலை இழுக்க வேண்டாம். இந்த இழுப்பு பலருக்கும் அனிச்சைச் செயலாகவே இருக்கிறது: ஒவ்வொரு கண்ணி முடிந்ததும் சுண்டுவிரல் ஒரு சுண்டு சுண்டும், கேட்டால் "நான் இழுக்கவே இல்லையே" என்பார்கள். கண்ணியின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது ஊசியின் பருமன், உங்கள் சுண்டுவிரல் அதில் தலையிடக் கூடாது. ஆறும் முடிந்ததும் வலது ஊசியில் அவற்றை ஆள்காட்டி விரலால் லேசாகப் பரப்பிவிடுங்கள், ஒன்றையொன்று முட்டாமல். அப்படிப் பரப்பின நிலையில் ஏழாவது கண்ணியைப் போட்டால் நடுவே ஓடும் இணைப்பு நூலுக்கும் ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. கூடுதலாகக் கிடைக்கும். அடுத்த வரிசையில் அந்த மிச்சத்தைக் கேபிள் விழுங்கிவிடும். முன்பக்கத்தில் தளர்வு தெரியாது.

எட்டு, பத்து கண்ணிகளுக்கு மேல் அகலமான கேபிள் என்றால் இன்னொரு வழி உண்டு: முந்தின பர்ல் வரிசையில் அந்தக் கண்ணிகளுக்கு மட்டும் நூலை ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, அடுத்த வரிசையில் ஒரு சுற்றை அவிழ்த்துவிடுவது. ஆறு கண்ணிக்கு இது அதிகம். கேபிளின் நடுவில் ஓட்டை விழும், பிறகு அதற்கு ஒரு கேள்வி கேட்பீர்கள்.

இப்போது மாற்றிப் போடும் வரிசைக்கு வருவோம். கேபிள் ஊசி உங்கள் பின்னல் ஊசியைவிட மெல்லியதாக இருக்கட்டும்; 4 எம்.எம்.முக்கு 3 எம்.எம். போதும். பருமனான கேபிள் ஊசி, ஏற்கெனவே பஞ்சமாக இருக்கும் வளையத்தை இன்னும் விரித்து, அந்த நூலையும் பக்கத்துக் கண்ணியிலிருந்து பிடுங்கும். இங்கே கடையில் கேபிள் ஊசி கிடைக்காத காலத்தில் நாங்கள் கொண்டை ஊசியைத்தான் பயன்படுத்தினோம். 'யு' வடிவம், மெல்லிய கம்பி, கீழே விட்டாலும் கண்ணி நழுவாமல் தொங்கும். இன்றைக்கும் நான் விலை கொடுத்து வாங்கிய மர ஊசியைவிட அதையே அதிகம் எடுக்கிறேன். கண்ணிகளைக் கேபிள் ஊசிக்கு மாற்றும்போது பர்ல் போடுவதுபோல் ஊசியை நுழைத்து மாற்றுங்கள், முறுக்கிக்கொள்ளாது. தூக்கிக் கொண்டு போக வேண்டாம், நகர்த்தினால் போதும். பின்னலில் முடியை மாற்றிப் போடும்போது தலையிலிருந்து இழுத்தால் பிள்ளை கத்தும் அல்லவா, அதே கதைதான். அடுத்த மூன்று கண்ணிகளை இடது ஊசியின் முனைக்கருகே தள்ளிக்கொண்டு வந்து, இரண்டு ஊசிகளின் முனைகளும் நெருங்கி இருக்கும்படி வைத்துக்கொண்டு நிட் போடுங்கள். முனைகளுக்கு இடைவெளி விட்டால் அந்த இடைவெளி அப்படியே துணியில் ஓட்டையாக விழும். பிறகு கேபிள் ஊசியில் காத்திருக்கும் மூன்றையும் அதிலிருந்தே நேராகப் போடுவதா, இடது ஊசிக்குத் திருப்பிவிட்டுப் போடுவதா என்பது அவரவர் வசதி. கை வலிக்கிறவர்களுக்குத் திருப்பிவிடச் சொல்வேன். ஒரு நிமிடம் கூடுதல் ஆகும், மூன்று ஊசிகளை ஒரே கையில் இறுக்கிப் பிடிக்கிற வேலை மிச்சம்.

அப்புறம் அந்த இடது ஓரக் கண்ணி. அதை உற்றுப் பாருங்கள்: கேபிளின் இடது ஓர நெடுவரிசையில் கண்ணிகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று மாறி மாறி வருகிறதா? அப்படி வந்தால் மாற்றிப் போட்டது மட்டும் காரணமாக இருக்க முடியாது, ஏனென்றால் மாற்றிப் போடாத வரிசைகளிலும் அது நடக்கிறது. கேபிளின் கடைசி நிட்டிலிருந்து, அதை ஒட்டிப் பின்னணியாக வரும் பர்லுக்குப் போகும்போது நூல் பின்னாலிருந்து ஊசிகளுக்கு நடுவே முன்னால் வந்து, மேலாகச் சுற்றி, மறுபடி பின்னால் போகிறது. நிட்டிலிருந்து நிட்டுக்குப் போவதைவிட இது சற்று நீளமான பாதை. அந்த மிச்ச நூல் போய் ஒதுங்கும் இடம்தான் கடைசி நிட் கண்ணி. இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இது மட்டும்தான் காரணமா என்பதில் பின்னல்காரர்கள் ஒருமித்துப் பேசுவதில்லை. பலருக்கு பர்ல் கண்ணிகளே நிட்டைவிடத் தளர்வாக வரும், அதனால்தான் ஓரம் கெடுகிறது என்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கிறது என்பது என் எண்ணம், ஒருவர் கையைப் பார்க்காமல் எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

பரிகாரம் இரண்டு. கேபிள் முடிந்ததும் வரும் முதல் பர்லில் நூலை மேலாகச் சுற்றாமல் அடிவழியாகச் சுற்றி எடுங்கள், பாதை குறையும். அந்தக் கண்ணி ஊசியில் திரும்பி உட்கார்ந்திருக்கும், அதனால் அடுத்த வரிசையில் அதை மட்டும் பின்காலில் (வளையத்தில் ஊசிக்குப் பின்னால் இருக்கும் பக்கத்தில்) ஊசியை விட்டு நிட் போட வேண்டும், இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். நூலை வலது கையில் பிடிக்கும் என் மாணவிகளில் பெரும்பாலோருக்கு இது உடனே பலித்தது. இரண்டாவது வழி சோம்பேறிகளுக்கானது, நான் செய்வதும் அதுதான்: முதல் பர்லைச் சாதாரணமாகப் போட்டு, இரண்டாவது பர்லுக்கு ஊசியை நுழைத்ததும், சுற்றுவதற்கு முன் நூலை ஒரே ஒரு முறை மெல்ல இழுத்துவிடுவது. முதல் பர்லும் கடைசி நிட்டும் சேர்ந்து சீராகும். கவனியுங்கள், சற்று முன் இழுக்காதே என்றேன், இப்போது இழு என்கிறேன். முரண்பாடு இல்லை. மல்லிகை கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள்: பூவை வைக்கும்போது விரல் தளர்வாக இருக்கும், முடிச்சு விழுகிற ஒரு கணத்தில் மட்டும் நார் இறுகும். எல்லா இடத்திலும் இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், எங்கேயும் இறுக்காவிட்டால் சரம் உதிர்ந்துவிடும்.

நூலைப் பற்றிக் கொஞ்சம். நீங்கள் 'உல்லன்' என்று எழுதியிருப்பது அக்ரிலிக்கா, ஆட்டுக் கம்பளியா? நம் கடைகளில் இரண்டுக்கும் அதே பெயர்தான், லேபிளைப் பார்க்க வேண்டும். கம்பளி இழையில் இயல்பாகவே சுருள் உண்டு, இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பும். கேபிளுக்கு வேண்டிய விட்டுக்கொடுத்தல் அதில் இருக்கிறது. அக்ரிலிக்கில் அது குறைவு. பருத்தி நூல் நீளவே நீளாது, அதில் ஆறு கண்ணிக் கேபிள் போடுவது சங்கிலியை முறுக்குவது மாதிரி. அக்ரிலிக் என்றால், அதிலும் கை வியர்க்கிற நாளில், அலுமினிய ஊசியில் நூல் கிறீச்சிடும். மூங்கில் ஊசிக்கு மாறினால் கை தளருமா என்று பலர் கேட்கிறார்கள். சிலருக்குக் கண்ணி வழுக்கி ஓடாததால் பயம் போய்ப் பிடி தளர்கிறது; சிலருக்கு அந்தச் சொரசொரப்பாலேயே தள்ள வேண்டியிருந்து பிடி இறுகுகிறது. இதில் பொது விதி எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. ஊசி எண்ணில் மட்டும் ஏமாறாதீர்கள்: இங்கே பழக்கத்தில் இருக்கும் பழைய பிரிட்டிஷ் கணக்கில் 8-ம் நம்பர் என்றால் 4 எம்.எம்., அமெரிக்கக் கணக்கில் 8 என்றால் 5 எம்.எம். அம்மாவின் குறிப்பைப் பார்த்து அங்கே ஊசி வாங்கினால் இந்தக் குழப்பம் வரும்.

ஸ்வெட்டரின் அளவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் நான் பட்டிருக்கிறேன். முதல் கேபிள் ஸ்வெட்டரை என் தம்பிக்காகப் பின்னினேன். சாதாப் பின்னலில் அளவெடுத்து, 10 செ.மீ.க்கு 22 கண்ணி, முதுகு 48 செ.மீ., ஆக 106 கண்ணி என்று கணக்குப் போட்டு ஏற்றினேன். பள்ளிவிட்டு வந்து மூன்று வாரம் பின்னி, விரித்துப் பார்த்தால் 40 செ.மீ.தான் வந்தது. ஒவ்வொரு கேபிளும் தன் பங்குக்குத் துணியைச் சுருக்கியிருந்தது, போதாக்குறைக்கு என் இறுக்கக் கை. தம்பி மாட்டிப் பார்த்துவிட்டு, கைகளைக் கீழே இறக்க முடியாமல் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி நின்றான். அத்தனையும் அவிழ்த்தேன். அதிலிருந்து, கீழ்ப் பட்டி முடிந்ததும் ஒவ்வொரு ஆறு கண்ணிக் கேபிளுக்கும் ஒன்று அல்லது இரண்டு கண்ணி கூட்டிக்கொள்கிறேன், தோளில் முடிக்கும் வரிசையில் அதே எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறேன். உங்கள் டிசைன் அச்சிட்ட குறிப்பென்றால் இந்தக் கூட்டல் ஏற்கெனவே அதில் இருக்கும். நீங்களே போட்ட கணக்கென்றால் இப்போதே அகலத்தை அளந்து பாருங்கள். மாற்றிப் போடும் இடைவெளியையும் பாருங்கள். ஆறு கண்ணிக்கு ஆறு அல்லது எட்டு வரிசைக்கு ஒரு முறை என்பது சுகமான இடைவெளி. நாலு வரிசைக்கு ஒரு முறை போட்டால் எந்தக் கையும் இறுகத்தான் செய்யும், துணியும் பலகையாகிவிடும்.

மீனவர் சந்தேகத்துக்கு வருகிறேன். இறுக்கிப் பின்னியதற்குப் பேர்போனவை இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கடற்கரைகளின் கேன்ஸி ஸ்வெட்டர்கள். முறுக்கேறிய ஐந்திழைக் கம்பளியை 2.25 எம்.எம். போன்ற மெல்லிய எஃகு ஊசிகளில் நெருக்கமாகப் பின்னுவார்கள். காற்றையும் தண்ணீரையும் தடுப்பது அந்த நெருக்கம். அந்த நெருக்கத்தைக்கூட ஊசியையும் நூலையும் பொருத்தித்தான் சாதிக்கிறார்கள், கையை இறுக்கி அல்ல. நீங்கள் போடுவது போன்ற கனத்த கேபிள்கள் அயர்லாந்தின் மேற்கே, கால்வே விரிகுடாவின் வாயிலில் இருக்கும் அரன் தீவுகளின் பாணி. நாம் இன்று பார்க்கும் வடிவத்தில் அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது, விற்பனைக்காகப் பின்னி வளர்ந்தது. நூலும் பருமன், துணியும் மெத்தென்று இருக்க வேண்டியது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு டிசைன், கடலில் இறந்தவரை அதை வைத்து அடையாளம் கண்டார்கள் என்ற கதையையும் அந்த வீடியோவில் சொல்லியிருப்பார்கள், நம்ப வேண்டாம். அதன் வேர் ஐரிஷ் நாடகாசிரியர் ஜே. எம். சிங் 1904-இல் மேடையேற்றிய ஒரு நாடகத்தில் இருக்கிறது. அதில் இறந்தவனை அடையாளம் காட்டுவது ஒரு காலுறை, அதில் தங்கை தவறவிட்ட நாலு கண்ணிகள். கேபிளே கிடையாது.

கை வலிக்கு வருகிறேன், இங்கே என் எல்லை சிறியது. கேபிள் வரிசைகளை ஒரே மூச்சில் முடிக்க நினைக்காமல், அரை மணிக்கு ஒரு முறை ஊசியைக் கீழே வைப்பது, மடியில் ஒரு தலையணை வைத்து முழங்கைக்கு முட்டுக் கொடுப்பது, மாற்றிப் போடும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறீர்களா என்று கவனிப்பது (பாதிப்பேர் அடக்குகிறார்கள், தோள் காது வரை ஏறியிருக்கும்), இவ்வளவுதான் ஒரு கைவேலை டீச்சர் சொல்லக்கூடியது. பின்னாத நேரத்திலும் வலி இருந்தால், இரவில் விரல் மரத்துப்போய் எழுந்தால், ஊசியை எடுத்து வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். அப்பா ஒரு குளிர்காலம் காத்திருப்பார்.

ஸ்வெட்டரில் கை வைக்கும் முன் அதே நூலில் 22 கண்ணி ஏற்றுங்கள்: எட்டு பர்ல், ஆறு கேபிள், எட்டு பர்ல். நாலு வரிசை நேராகப் பின்னிவிட்டு முதல் கேபிளை உங்கள் வழக்கப்படியே போடுங்கள். அடுத்த கேபிளுக்கு முந்தின பர்ல் வரிசையில் ஆறு கண்ணிகளைத் தளர்த்திப் பரப்புங்கள். மூன்றாவதில் அதோடு ஓரப் பர்லையும் அடிவழியாகச் சுற்றிப் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, துண்டில் ஒற்றி, தட்டையாகக் காய வையுங்கள். கம்பளியென்றால் சின்ன ஏற்றத்தாழ்வுகள் அதிலேயே அடங்கிவிடும். அக்ரிலிக்கென்றால் அவ்வளவு எதிர்பார்க்காதீர்கள், அயர்ன் பெட்டியை மட்டும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், கேபிள் நசுங்கிப்போகும். மூன்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் இந்த மாதிரிப் பின்னலின் பின்பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். முன்பக்கம் வேண்டாம், அதில் எல்லாக் கேபிளும் அழகாகத்தான் இருக்கும். நூல் எங்கே இழுபடுகிறது என்பது பின்பக்கத்தில்தான் தெரியும்.